என் கைக்குப் பயந்து வைத்த விருந்து

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். இப்போது இதை வெட்கத்தோடு சொல்கிறேன். முன்பெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். "முருங்கைய ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளைய அடிச்சு வளர்க்கணும்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், "என் வீட்ல வந்து பாருங்க லா" என்பேன். எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஐந்து வயதானதிலிருந்து அடித்து வந்திருக்கிறேன். மளிகைக் கடை வாசலில் கொத்தாகத் தொங்குமே, வளைந்த பிடி வைத்த பிரம்பு, அதில் எத்தனை வாங்கினேன், எத்தனை நாராய்ப் பிய்ந்தது என்று நினைவில்லை. பிரம்பு அகப்படாவிட்டால் ஹேங்கர். ஹேங்கரும் அகப்படாவிட்டால் கை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் அன்று, பினாங்குப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு விளக்கு பார்க்கப் போனோம். என் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். காரில் நாங்கள் மூன்று பேர். ஓட்டியது என் கணவர், பக்கத்தில் நான், பின்னால் பதினாலு வயது மகள். மகள் அன்றைக்கு எங்களோடு வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்று வாரம் பின்னால் போக வேண்டும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். அன்று காலை இரவு ஷிஃப்ட் முடித்து, டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தேன். பசி. மகள் ரைஸ் குக்கரில் அரிசியும் தண்ணீரும் சரியாகத்தான் வைத்திருந்தாள். ஸ்விட்சைத் தட்ட மறந்துவிட்டாள். மூடியைத் திறந்தால் வேகாத அரிசி தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பின்னங்கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். போய்ச் சிங்க்கின் மூலையில் நெற்றி மோதியது. ரத்தம் மூக்கின் மேல் வழிந்து பாத்திரத்தில் சொட்டியது.

என் கணவர் அப்போது லிஃப்ட் பக்கம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தால் அவர் அங்கே போய்விடுவார், முடிந்ததும் திரும்பி வருவார். ஒன்பது வருடமாக அப்படித்தான். அன்று அலறல் கேட்டு நடுவிலேயே ஓடி வந்தார். கிளினிக்கில் நாலு தையல். டாக்டர் கேட்பதற்கு முன்பே மகள், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். பரவாயில்லையே, சமயோசிதமான பிள்ளை என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

தொழிற்சாலையில் என் கீழே இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள். போர்டைத் தலைகீழாகச் செருகுவார்கள், சொன்னதைக் காதில் வாங்கமாட்டார்கள். ரத்தம் கொதிக்கும். ஆனால் ஒருத்தி மேலும் கை பட்டதில்லை. பட்டால் அன்றைக்கே வேலை போகும். ஆக, அடக்கத் தெரியாதவள் இல்லை நான். எங்கே அடக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று என் கைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தங்கை வேதக்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவர்கள் இருக்கும் சந்தில், மாதா கோயிலை ஒட்டி, இருபது வீடு இருக்கும், பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு விளக்குக் கட்டுவார்கள், வாசலில் குடில் வைப்பார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் வருடா வருடம் கூப்பிடுவாள். நான் வருடா வருடம் ஷிஃப்ட் என்று சொல்லித் தட்டிக் கழிப்பேன். அந்த வருடம் என் கணவர், "இந்தத் தடவ போலாம் மா, புள்ளைக்கும் லீவுதானே" என்றார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர், தானாக ஒரு யோசனை சொல்கிறாரே என்று எனக்கே ஆச்சரியம். சரி என்றேன்.

கிளம்பும்போது மகளின் பள்ளிப்பை வெடித்துவிடும்போல உப்பியிருந்தது.

"என்னடி, மூட்டை முடிச்சோட கிளம்பிட்ட?" என்றேன்.

"சித்திக்கு முறுக்கு டின் மா" என்றாள். கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. லிஃப்டில் முழுக்க அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்றாள்.

ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. பாலத்தில்தான் போக வேண்டும். விடுமுறை நாள், பாலத்துக்கு ஏறும் வழியில் ஜாம். வரிசையில் அரைமணி நேரமாக ஊர்ந்துகொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக் கார்க்காரன் பக்கத்து லேனில் விர்ரென்று வந்து எங்கள் முன்னால் மூக்கைச் செருகினான். என் கணவர் பிரேக்கை மிதித்து, "போறான் விடு" என்றார். விடுவேனா? கதவைத் திறந்து இறங்கி, காலில் இருந்த செருப்பைக் கழற்றி, அவனுடைய பானட்டில் பளார் பளாரென்று நாலு வைத்தேன். உள்ளே இருந்தவன் வாலிபன், பக்கத்தில் ஒரு பெண். கண்ணாடியை இறக்காமலே கையெடுத்துக் கும்பிட்டான். பின்னால் ஹாரன். யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "எடுடா, நல்லா எடு, என் மூஞ்சி தெரியற மாதிரி எடு!" என்று அவர்களுக்கும் சேர்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

"நாலு பேரு பாக்கறாங்க மா" என்றார் கணவர்.

"பாக்கட்டுமே. அந்த நாலு பேரா எனக்குச் சோறு போடறாங்க?"

மகள் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் மகளும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் திருப்திகூட அடைந்தேன். நாலு பேருக்கு நான் கூச்சப்படுவேன் என்பதை நம்பித்தான் அவர்கள் அன்றைய திட்டம் முழுவதையும் போட்டிருந்தார்கள். அது பாலத்தில் ஏறும் முன்பே கிழிந்துவிட்டது. ஆனால் திரும்ப முடியாது, பின்னால் அத்தனை கார்.

தங்கை வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. இந்த நாட்டில் பெருநாள் என்றால் கேட்டைத் திறந்துவிடுவோம். வருகிறவர் எல்லாரும் விருந்தாளி, யார் என்று கேட்பதில்லை. மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்காரர், சீன டியூஷன் டீச்சர், கோயில் ஆட்கள் என்று நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஆட்டிறைச்சிப் பெரட்டல், கோழிக்கறி, இடியாப்பம், பழக்கேக். தங்கை புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர், கதவு அகலத்துக்கு உடம்பு, பூனைக்குட்டிக்குக் குரல். "வாங்கக்கா, வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தங்கை என் தட்டில் மூன்று முறை கறி வைத்தாள். நல்ல எலும்பாகத் தேடித் தேடி வைத்தாள். எனக்குச் சிறுவயதிலிருந்து அவளைத் தெரியும். காரணமில்லாமல் நல்லி எலும்பை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

"என்னடி உபசாரம் பலமா இருக்கு?" என்றேன்.

"சும்மா சாப்புடுக்கா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கை கழுவ உள்ளே போனபோது, அவர்கள் சாமான் போட்டு வைக்கும் பின்னறை கதவு திறந்திருந்தது. சாமான் எதுவும் இல்லை. சுவரில் புதுப் பெயின்ட். ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைமேல் டேபிள் விளக்கு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒருவேளை உண்டாகியிருக்கிறாளோ, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாளோ என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கட்டிலுக்கடியில் என் மகளின் பள்ளிப்பை இருந்ததைப் பார்த்தேன். வைக்க இடம் இல்லாமல் அங்கே வைத்திருப்பாள் என்று அதையும் விட்டுவிட்டேன். மடச்சி.

ஏழு மணிக்கு மேல், வெளிச்சம் மங்கியதும், சந்து முழுக்க ஒரே நேரத்தில் விளக்குப் போட்டார்கள். கூட்டம் "ஓ" என்று கத்தியது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒரு வீட்டுக் கூரையிலிருந்து நீல விளக்கு அருவியாக இறங்கியது. ஒருவர் தென்னை மரத்தை அடி முதல் உச்சிவரை சிவப்பாகச் சுற்றியிருந்தார். லாரியில் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாட்டு. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவர் வியர்த்து வழிய மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஐந்து பேரும் நடந்தோம். சந்தின் நடுவில், கூட்டம் அதிகம் இருக்கும் இடத்தில், பெரிய குடில் ஒன்றின் முன்னால் தங்கை நின்றாள்.

"அக்கா, ஒரு விஷயம். கத்தாம கேளு. பாப்பா இனி இங்க இருக்கட்டும். இங்க ஸ்கூல் பக்கம்தான். நான் பாத்துக்கறேன்."

"எத்தன நாளைக்கு?"

"படிச்சு முடிக்கற வரைக்கும்."

"யார்டி உனக்கு இந்த ரோசனையச் சொன்னது?"

"அவதான் எனக்குப் போன் பண்ணா. தையல் போட்ட அன்னிக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டா. ஸ்கூல் மாத்தற ஃபாரம் கொடுத்தாச்சு, அத்தான் கையெழுத்துப் போட்டுட்டாரு."

நான் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஒன்பது வருடமாக லிஃப்ட் பக்கம் போய் நின்ற மனிதர், எனக்குத் தெரியாமல் ஒரே ஒரு கையெழுத்தைப் போட்டு என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்.

அவரை விட்டுவிட்டுத் தங்கையைத்தான் அறைந்தேன். ஏன் அவளை என்று கேட்டால், அவள் பக்கத்தில் நின்றாள். காதோடு சேர்த்து விழுந்தது அறை, தோடு தெறித்துப் போய்விட்டது. "பெத்துக்க வக்கில்லாதவ, என் புள்ளைய புடுங்கப் பாக்கறியா?" என்று கேட்டேன். ஆமாம், அதைக் கேட்டேன், அந்தக் கூட்டத்தில், அவள் ஊரில், அவளுடைய பெருநாளில்.

அவள் அழுதுகொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் கொண்டையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். என் முழங்கால் தார் ரோட்டில் மோதியது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் போய்க் குடிலின் மேல் விழுந்தோம். வைக்கோல் கூரை சரிந்தது. விளக்கு வயர் என் கழுத்தில் சுற்றிக்கொண்டது. ஒரு மேய்ப்பன் பொம்மையின் தலை உடைந்து உருண்டது. அவள் என் முகத்தில் நகத்தால் கீறினாள், நான் அவள் தோளில் குத்தினேன், எத்தனை குத்து என்று தெரியாது. பிள்ளைகள் வீறிட்டன. யாரோ "மாதாவே" என்றார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வந்து, "அக்கா, வேணாக்கா, பெருநாளு" என்று நடுவில் கையை விட்டார். என் முழங்கை அவர் தாடிக்குள் போய் மூக்கில் இடித்தது, வெள்ளைத் தாடியில் ரத்தம். தங்கை புருஷன் பின்னாலிருந்து என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தார். கடித்தேன். பல் பதிந்தது தெரிந்தது. அவர் கத்தவில்லை, விடவுமில்லை. காலால் உதைத்து, உதறி, கையைப் பிடுங்கிக்கொண்டு மறுபடியும் தங்கையை நோக்கிப் போனேன். அவள் வைக்கோலில் உட்கார்ந்திருந்தாள், உதடு கிழிந்திருந்தது. என் கை மேலே போய்விட்டது.

"அம்மா."

மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சித்திய விடுங்க மா. நான்தான் போன் பண்ணேன்."

என் கை இறங்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். நிதானமாக அதன் இரண்டு கம்பியையும் மடித்து, குனிந்து, தங்கையின் கையில் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, முகத்தை என் கைக்கு வாட்டமாகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் எப்போதும் அப்படித்தான் செய்வாள். இரண்டு கண்ணாடி என் அடியில் உடைந்த பிறகு, மூன்றாவதை வாங்கிக் கொடுத்த அன்று நான்தான் சொல்லியிருந்தேன், அடி வாங்கறதுக்கு முன்னாடி கழட்டி வெச்சிடு, சும்மா சும்மா வாங்கித் தர முடியாது என்று. அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று சந்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒரு பதினாலு வயதுப் பெண், தன் அம்மா கையை ஓங்கியதும் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துகிறாள். பாட்டை நிறுத்திவிட்டார்கள். மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நெற்றியில் தையல் பிரித்த இடம், நீல விளக்கு வரும்போது நீலமாகவும் சிவப்பு வரும்போது சிவப்பாகவும் தெரிந்தது. கண் இமை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு முதன்முறையாக அவமானம் வந்தது. நாலு பேருக்காக வந்ததா, அவளுக்காக வந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கும். கையை இறக்கினேன். கழுத்திலிருந்த வயரைக் கழற்ற வரவில்லை. தங்கை புருஷன்தான், கடிபட்ட கையாலேயே, கழற்றிவிட்டார்.

"கண்ணத் தொற" என்றேன். திறந்தாள். "இங்கயே இரு."

அவள் சந்தோஷப்படவில்லை. அப்பாவைப் பார்த்தாள். இது நிஜமா, நம்பலாமா என்று கேட்கும் பார்வை. அவர் தலையை ஆட்டினார். அப்போதும் அவள் என்னிடமிருந்து இரண்டு அடி பின்னால் போய்த்தான் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குடில்காரரிடம் கேட்டேன். உடைந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவர், "போங்கம்மா, மொதல்ல போங்க" என்றார். காரில் ஏறினேன். மகள் கேட் வாசலில் வந்து நின்றாள். கையசைக்கவில்லை. கார் சந்தைத் தாண்டித் திரும்பும்வரை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், அங்கேயேதான் நின்றாள். அடித்தாலும் பெற்றவள் அல்லவா, வழியனுப்ப நிற்கிறாள் என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பாலம் வந்ததும் நான் கேட்டேன், "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அவள அடிச்சிருப்ப" என்றார்.

உண்மைதான். அடித்திருப்பேன். கொன்றுகூடப் போட்டிருப்பேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். வீட்டுக்கு வந்து லிஃப்டில் ஏறியதும், "நான் இத்தன வருஷம் வெளிய நின்னுருக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் மதியம் தங்கைக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்லயே நின்னுக்கிட்டு இருந்தாளே, ரொம்ப அழுதாளா?" என்று கேட்டேன்.

"அழல. நீங்க போன அப்புறமும் ரொம்ப நேரம் நின்னா. உள்ள வா பாப்பான்னு கூப்பிட்டேன். 'அம்மா யூ-டர்ன் போட்டு வந்துடுவாங்களா சித்தி'ன்னு கேட்டா. நாங்க கேட்டப் பூட்டினதுக்கு அப்புறம்தான் உள்ள வந்தா."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுக்களையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"எவ்ளோ சாப்பிட்டா?"

"ரெண்டு தட்டு, அக்கா" என்றாள்.

என் வீட்டில் அவள் ஒரு தட்டை முழுதாக முடித்து நான் பார்த்ததில்லை. அதற்கும் அடித்திருக்கிறேன்.